பழைய மேனுவல் லென்ஸுக்கு எந்த கேமரா பாடி?

பழைய மேனுவல் ஃபோக்கஸ் லென்ஸ் ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது என் கேமராவில் மாட்டுமா?" என்பதுதான். அடாப்டர் இருந்தால் பெரும்பாலும் மாட்டிவிடலாம். அடாப்டரும் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் மாட்டிய பிறகு அந்த லென்ஸை வைத்து வசதியாகப் படம் எடுக்க முடிகிறதா என்பது வேறு கேள்வி. பாடியைத் தேர்ந்தெடுக்கும்போது யோசிக்க வேண்டியது அதைத்தான்.

மேனுவல் லென்ஸில் ஃபோக்கஸ் செய்யப்போவது உங்கள் கண்ணும் விரலும். கேமராவின் ஆட்டோ ஃபோக்கஸ் எவ்வளவு வேகமானது, பறவையின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்குமா, நொடிக்கு எத்தனை படம் எடுக்கும் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில் பாதி இந்த லென்ஸுக்கு உதவாது. அதற்குக் கொடுக்கும் காசும் வீண்தான். நீங்கள் எதை எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறீர்களோ அவ்வளவுதான் படமும் தெளிவாக வரும். அதனால் பாடி வாங்கும்போது, நன்றாகப் பார்க்க உதவும் பாடியாகப் பார்த்து வாங்க வேண்டும். என் கருத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு பேசுவோம். ஹீலியோஸ் 44-2. சோவியத் காலத்தில் ஜெனித் கேமராக்களோடு லட்சக்கணக்கில் வெளிவந்த 58 மி.மீ. குவியத் தூரமும் எஃப்/2 திறப்பும் (இந்த எண் குறைந்தால் ஒளி நுழையும் திறப்பு பெரிது) கொண்ட லென்ஸ். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸை ஒட்டி அமைக்கப்பட்டது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் தொடங்கி வேறு ஆலைகளிலும் தயாரானது. பின்னணியில் இருக்கும் இலைகளைச் சுழல்வது போலக் காட்டும் தன்மைக்காக இன்றும் இதைத் தேடி வாங்குகிறார்கள். பழைய லென்ஸ் பக்கம் வரும் பலருக்கும் இதுதான் முதல் லென்ஸ்.

முதலில் தூரக் கணக்கு

ஒவ்வொரு கேமரா வகைக்கும், லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்துக்கும் உள்ளே இருக்கும் சென்சாருக்கும் (பழைய கேமராவில் ஃபிலிமுக்கும்) நடுவில் மாறாத ஒரு தூரம் உண்டு. ஹீலியோஸ், பென்டாக்ஸின் டகுமார் போன்ற லென்ஸ்கள் எம்42 என்ற திருகு மவுண்ட் (லென்ஸை கேமராவில் மாட்டும் அமைப்பு) கொண்டவை. அதற்கான தூரம் 45.46 மி.மீ. லென்ஸை எந்த கேமராவில் மாட்டினாலும் சென்சாரிலிருந்து இதே தூரத்தில்தான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்துவதற்குத்தான் அடாப்டர்.

சோனி இ மவுண்ட்டில் இந்தத் தூரம் 18 மி.மீ. அப்படியானால் அடாப்டரின் தடிமன் 27.46 மி.மீ. உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் உலோகக் குழாய். கேனானின் பழைய இஎஃப் மவுண்ட்டில் 44 மி.மீ. அதனால் அடாப்டர் ஒன்றரை மி.மீ. தகடாக இருக்கும். அதுவும் சரியாக வேலை செய்யும். சிக்கல் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் (காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் மிரர் உள்ளே இருக்கும் டிஜிட்டல் கேமரா) வருகிறது. நிக்கான் எஃப் மவுண்ட்டின் தூரம் 46.5 மி.மீ. எம்42 லென்ஸ் உட்கார வேண்டிய இடத்தைவிட அந்த மவுண்ட் ஒரு மி.மீ. முன்னால் இருக்கிறது. எந்த அடாப்டரும் அந்த லென்ஸைப் பின்னால் தள்ளிவிட முடியாது.

ஒரு மி.மீ.தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 58 மி.மீ. லென்ஸ் ஒரு மி.மீ. முன்னால் நின்றால், ஏறக்குறைய மூன்றேகால் மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதையும் அதனால் ஃபோக்கஸ் செய்ய முடியாது. அதுவும் அடாப்டருக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக்கொண்டால். நிஜத்தில் இன்னும் குறையும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை எடுக்கலாம், அவருக்குப் பின்னால் இருக்கும் கோபுரத்தை எடுக்க முடியாது. இதைச் சரிசெய்ய உள்ளே சிறு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் வருகின்றன. மலிவான அந்தக் கண்ணாடி நல்ல லென்ஸையும் கெடுத்துவிடும். அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேனானின் பழைய எஃப்டி லென்ஸுக்கு 42 மி.மீ., மினோல்ட்டா எம்டிக்கு 43.5 மி.மீ. இவை இரண்டும் கேனான் இஎஃப் டிஎஸ்எல்ஆருக்குக்கூட ஒத்துவராது. கேனான் லென்ஸ் கேனான் கேமராவில் மாட்டாது என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். 1987-ல் கேனான் மவுண்ட்டையே மாற்றிவிட்டது, அதுதான் காரணம்.

மிரர்லெஸ் கேமராக்களில் இந்தத் தலைவலி கிடையாது. உள்ளே மிரர் இல்லாததால் எல்லாவற்றிலும் தூரம் குறைவு: நிக்கான் இசட் 16, ஃபியூஜி எக்ஸ் 17.7, சோனி இ 18, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25, கேனான் ஆர்எஃப் 20, லைக்கா, பானசோனிக், சிக்மா மூவரும் பயன்படுத்தும் எல் மவுண்ட் 20. பழைய எஸ்எல்ஆர் (மிரர் உள்ள ஃபிலிம் கேமரா) லென்ஸ் பெரும்பாலும் எதுவாக இருந்தாலும் 40 மி.மீ.க்கு மேல்தான். ஆக, நடுவில் அடாப்டர் உட்கார இடம் உண்டு.

கண் பார்க்கும் இடம்

ஹீலியோஸை எஃப்/2-ல் முழுதாகத் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரின் முகத்தை ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே மூன்று, மூன்றரை சென்டிமீட்டர்தான். கண்ணிமையில் ஃபோக்கஸ் வைத்தால் மூக்கின் நுனியும் காதும் மங்கிவிடும். எடுக்கப்படுபவர் மூச்சு விட்டு லேசாக அசைந்தாலே போச்சு. இந்த மூன்று சென்டிமீட்டரை உங்கள் கண்ணுக்கு எந்த பாடி நன்றாகக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) இந்த வேலைக்கு ஏற்றதல்ல. பழைய ஃபிலிம் கேமராக்களில் ஃபோக்கஸ் திரையின் நடுவே பிளவுபட்ட வட்டம் ஒன்று இருக்கும். ஃபோக்கஸ் விலகியிருந்தால் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றுசேராமல் நிற்கும், சேர்ந்துவிட்டால் ஃபோக்கஸ் சரி. ஆட்டோ ஃபோக்கஸ் வந்த பிறகு அந்த வட்டத்தை எடுத்துவிட்டார்கள். கேமராவோடு வரும் மங்கலான கிட் லென்ஸிலும் காட்சி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத் திரையையும் மாற்றிவிட்டார்கள். அந்தத் திரை எஃப்/1.4, எஃப்/2 லென்ஸின் நிஜமான ஆழத்தைக் காட்டாது. எல்லாமே தெளிவாக இருப்பது போலத் தோன்றும். கணினியில் திறந்து பார்த்தால் கண்ணுக்குப் பதில் காதில் ஃபோக்கஸ் நிற்கும். பின்பக்கத் திரையில் லைவ் வியூ போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால் டிஎஸ்எல்ஆரும் துல்லியம்தான். ஆனால் ட்ரைபாடில் வைத்து, அசையாத பொருளை எடுக்கத்தான் அது தோது.

மிரர்லெஸ்ஸின் மின்னணு வியூஃபைண்டரில் தெரிவது, அந்த நொடியில் சென்சாரில் விழும் படம். லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறதோ அதற்கான மங்கலும் தெளிவும் அப்படியே தெரியும். அதோடு இரண்டு உதவிகளும் கிடைக்கின்றன. ஒன்று ஃபோக்கஸ் பீக்கிங். படத்தில் கூர்மையாக இருக்கும் விளிம்புகளில் சிவப்பு, மஞ்சள் போன்ற ஒரு நிறத்தைப் பூசிக் காட்டும். இன்னொன்று உருப்பெருக்கம். ஒரு பட்டனை அழுத்தினால் படத்தின் ஒரு பகுதி மட்டும் பல மடங்கு பெரிதாகத் தெரியும்.

புதிதாக வருபவர்கள் பீக்கிங்கை அளவுக்கு மேல் நம்பிவிடுகிறார்கள். பீக்கிங் உண்மையில் தேடுவது ஒளி சட்டென்று மாறும் விளிம்புகளை. கறுப்பு மூக்குக்கண்ணாடி ஃப்ரேமின் ஓரம் லேசாக ஃபோக்கஸ் விலகியிருந்தாலும் அதில் நிறம் பூசிவிடும். மென்மையான கன்னம் சரியான ஃபோக்கஸில் இருந்தாலும் விட்டுவிடும். தெருக்காட்சியை எஃப்/8-ல் எடுக்கும்போது பீக்கிங் போதும். எஃப்/2-ல் முகம் எடுக்கும்போது உருப்பெருக்கத்தைத்தான் நம்ப வேண்டும். முழு அப்பர்ச்சரில் (ஒளி நுழையும் திறப்பு) பெரிதாக்கி, கண்ணிமை ரோமம் தனித்தனியாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பி, பிறகு வேண்டுமானால் அப்பர்ச்சரைக் குறைத்துக்கொண்டு எடுப்பது நல்ல பழக்கம்.

ஹீலியோஸ் 44-2 இந்தப் பழக்கத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும். அதில் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எஃப்/5.6 என்று எல்லை வைத்துவிட்டால், மற்றொன்றை ஒரு பக்கம் திருப்பினால் எஃப்/2 வரை திறக்கும், மறுபக்கம் திருப்பினால் நீங்கள் வைத்த எல்லையில் போய் நிற்கும். கண்ணை எடுக்காமலே திறந்து ஃபோக்கஸ் செய்து மூடலாம். அதில் ஸ்பிரிங் எதுவும் இல்லாததால், இதழ்களில் எண்ணெய் படிந்திருந்தாலும் பெரிய பாதிப்பு இருக்காது.

வியூஃபைண்டர் எல்லா மிரர்லெஸ்ஸிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பட்டியலில் இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை லட்சம் புள்ளிகள், எவ்வளவு உருப்பெருக்கம் (வியூஃபைண்டரில் காட்சி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது). 2014-ல் வந்த இரண்டு கேமராக்களை ஒப்பிட்டால் இது புரியும். சோனி ஏ6000-ல் 14.4 லட்சம் புள்ளிகள், 0.70 உருப்பெருக்கம். ஃபியூஜி எக்ஸ்-டி1-ல் 23.6 லட்சம் புள்ளிகள், 0.77 உருப்பெருக்கம். படத் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சோனியின் மெகாபிக்சல் சற்று அதிகம்கூட. ஆனாலும் மேனுவல் லென்ஸுக்கு நான் தயங்காமல் ஃபியூஜியைத்தான் சொல்வேன். பழைய பிளவு வட்டத்தைப் போலவே காட்டும் ஒரு வசதியும் அதில் உண்டு. இதேபோல சோனி ஏ7சி ஃபுல் ஃப்ரேம், கைக்கு அடக்கம், அவை இரண்டையும்விடப் புதியதும்கூட. ஆனால் அதன் வியூஃபைண்டர் 0.59 மட்டுமே. ஆட்டோ ஃபோக்கஸ் லென்ஸுக்கு அது அருமையான கேமரா, நம் வேலைக்கு அல்ல.

சென்சார் அளவு

பழைய லென்ஸ்கள் 36-க்கு 24 மி.மீ. ஃபிலிமுக்காகச் செய்யப்பட்டவை. அதே அளவு சென்சாரைத்தான் ஃபுல் ஃப்ரேம் என்கிறோம். ஏபிஎஸ்-சி சென்சார் அதைவிடச் சிறியது, ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ. லென்ஸ் தரும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். அதனால் 58 மி.மீ. ஹீலியோஸ் அதில் 87 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் இரண்டு மடங்கு, அதாவது 116.

முகம் எடுப்பவருக்கு 87 அருமையான அளவு. வீட்டுக்குள் குடும்பமாக எடுக்க நினைத்தால் சுவரில் முதுகு முட்டும். அகலக் கோண லென்ஸ்களின் பாடு இன்னும் மோசம். 28 மி.மீ. லென்ஸ் 42 ஆகிவிடும், அகலம் என்ற பேச்சே இருக்காது. 20 மி.மீ.க்குக் கீழே பழைய லென்ஸ்கள் அரிது, விலையும் அதிகம். ஏபிஎஸ்-சியில் அகலக் காட்சி வேண்டுமென்றால் அதற்கு ஒரு புது லென்ஸ் வாங்குவதே புத்திசாலித்தனம்.

சிறிய சென்சாரில் இன்னொரு இழப்பும் உண்டு. ஹீலியோஸின் சுழலும் பின்னணி படத்தின் ஓரங்களில்தான் அதிகம். நடுவை மட்டும் வெட்டி எடுத்தால் சுழலில் பெரும்பகுதி போய்விடும். பழைய லென்ஸின் குணம் பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கிறது. அங்கேதான் ஒளி குறையும், கூர்மை தளரும், வெளிச்சப் புள்ளிகள் எலுமிச்சை வடிவம் எடுக்கும். இந்தக் குணத்துக்காகவே பழைய லென்ஸ் வாங்குபவர் ஃபுல் ஃப்ரேமுக்குப் போவதுதான் நியாயம். குறையில்லாத கூர்மைதான் வேண்டும் என்பவருக்கு ஏபிஎஸ்-சி லாபம், ஏனென்றால் தளர்ந்த ஓரத்தை அது வெட்டிவிடுகிறது.

நடுவே ஒரு வழியும் உண்டு. ஸ்பீட் பூஸ்டர் என்ற வகை அடாப்டரில் கண்ணாடிகள் இருக்கும். அவை காட்சியை 0.71 மடங்காகச் சுருக்கி ஏபிஎஸ்-சி சென்சாருக்குள் கொண்டுவரும். 58 மி.மீ. ஹீலியோஸ் 62 மி.மீ. அளவுக்குக் காட்சி தரும், ஒளியும் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூடும். மெட்டாபோன்ஸ் நிறுவனம் 2013-ல் இதைக் கொண்டுவந்தது. நல்ல பூஸ்டர் விலை அதிகம். அந்தக் காசைச் சேர்த்துவைத்துப் பழைய ஃபுல் ஃப்ரேம் பாடியே வாங்கிவிடலாமா என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நடுக்கத்தைத் தாங்கும் பாடி

பழைய லென்ஸ்களில் நடுக்கத்தைக் குறைக்கும் ஏற்பாடு கிடையாது. பாடிக்குள்ளேயே சென்சாரை அசைத்துச் சமாளிக்கும் கேமராக்கள் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் எடுக்க இது உதவும் என்பது தெரிந்ததே. மேனுவல் ஃபோக்கஸுக்கு இதைவிடப் பெரிய உதவி ஒன்று செய்கிறது. 135 மி.மீ. லென்ஸை மாட்டி, வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். கை நடுக்கத்தில் காட்சி குதித்துக்கொண்டே இருக்கும், கண்ணிமை எங்கே என்றே பிடிபடாது. பாடியில் இந்த வசதி இருந்தால் காட்சி அடங்கி நிற்கும், ஃபோக்கஸ் வைப்பது சுலபமாகும். சில கேமராக்களில் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால்தான் அடங்கும்.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. பழைய லென்ஸில் மின் தொடர்பு இல்லை, அதனால் அது எத்தனை மி.மீ. என்று கேமராவுக்குத் தெரியாது. மெனுவில் போய் 58 என்றோ 135 என்றோ நீங்கள்தான் சொல்ல வேண்டும். 135-ல் எடுத்துவிட்டு, எண்ணை மாற்றாமல் 28-ஐ மாட்டினால் சென்சார் தேவைக்கு மேல் அசைந்து படத்தைக் கெடுத்துவிடும்.

அப்புறம் டிஎஸ்எல்ஆர் எப்போது சரி?

வீட்டில் ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் இருந்தால் அதிலேயே முயன்று பார்ப்பதில் தவறில்லை. கேனான் இஎஃப் பாடிகளில் எம்42, நிக்கான் எஃப், பென்டாக்ஸ் கே, ஒலிம்பஸ் ஓஎம் லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டலாம். ஃபுல் ஃப்ரேம் கேனானில் மட்டும் கவனம் தேவை, சில லென்ஸ்களின் பின்பகுதி நீண்டு உள்ளே இருக்கும் மிரரில் இடிக்கும். பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆர்கள் அந்த நிறுவனத்தின் பழைய கே லென்ஸ்களை அடாப்டர் இல்லாமலே ஏற்கின்றன. நடுக்கம் தாங்கும் வசதியும் பெரும்பாலானவற்றில் பாடியிலேயே உண்டு. பென்டாக்ஸ் லென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு அது உண்மையிலேயே நல்ல வழி.

நிக்கான் டிஎஸ்எல்ஆரில் நிக்கான் லென்ஸ் மாட்டுபவர்கள் ஒரு எச்சரிக்கையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1977-ல், லென்ஸின் அப்பர்ச்சர் அளவைப் பாடிக்குத் தெரிவிக்கும் ஏஐ என்ற முறை வந்தது. அந்த லென்ஸ்கள் டி7000 (டி7500 தவிர), டி700, டி800 வரிசை பாடிகளில் ஒளி அளவும் காட்டி நன்றாகவே வேலை செய்யும். டி3000, டி5000 வரிசைகளில் மாட்டும், ஆனால் ஒளி அளவு காட்டாது. 1977-க்கு முந்தைய, மாற்றி அமைக்கப்படாத லென்ஸை டி7000 போன்ற பாடியில் பலமாகத் திருகினால் பாடியில் இருக்கும் சிறு நெம்பு உடைந்துவிடும். அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த நிக்கான் லென்ஸ் என்றால் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள்.

லைக்கா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் (மிரர் இல்லாமல், தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோக்கஸ் செய்யும் கேமரா) அகலக் கோண லென்ஸ்கள் தனி ரகம். அவற்றின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வரும். ஓரங்களில் ஒளி சாய்ந்து விழுவதால், சென்சாரின் மேல் தடிமனான கண்ணாடி இருக்கும் சோனி பாடிகளில் ஓரம் குழம்பிவிடும். நிக்கான் இசட்டில் அந்தக் கண்ணாடி மெல்லியது, விளைவும் பரவாயில்லை. எஸ்எல்ஆர் லென்ஸ் வைத்திருப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சரி, எதை வாங்கலாம்?

முதன்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது, செகண்ட் ஹேண்டில் சோனி ஏ7 மார்க் 2. 2014-ல் வந்தது. ஆட்டோ ஃபோக்கஸ் மந்தம் என்று பலரும் விற்றுவிட்டுப் போகிறார்கள், நமக்கு அது ஒரு குறையே அல்ல. ஃபுல் ஃப்ரேம், பாடியில் நடுக்கம் தாங்கும் வசதி, 23.6 லட்சம் புள்ளி வியூஃபைண்டர், ஏறக்குறைய எல்லாப் பழைய மவுண்ட்டுக்கும் அடாப்டர். கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால் 2020-ல் வந்த நிக்கான் இசட்5. அதன் வியூஃபைண்டர் 36.9 லட்சம் புள்ளிகள், 0.80 உருப்பெருக்கம். கண்ணாடி அணிந்தவர்கள் இரண்டையும் கண்ணில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். அவ்வளவு செலவு முடியாதென்றால் எக்ஸ்-டி1. அதில் நடுக்கம் தாங்கும் வசதி இல்லை, அதனால் 50, 58 மி.மீ. லென்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கேனான் ஆர், ஆர்பி இரண்டும் ஃபுல் ஃப்ரேம்தான், ஆனால் அவற்றிலும் பாடியில் நடுக்கம் தாங்கும் வசதி கிடையாது.

கடைக்குப் போகும்போது உங்கள் லென்ஸையும் அடாப்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். மாட்டியதும் ஷட்டர் அடிக்கவில்லையென்றால் கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம் என்ற அனுமதியை மெனுவில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பர்ச்சர் இருக்கும் இடத்தில் கோடோ பூஜ்யமோ காட்டும், அது இயல்பு. கேமராவை ஏ (அப்பர்ச்சர் முன்னுரிமை) நிலையில் வையுங்கள். அப்பர்ச்சரை லென்ஸ் வளையத்தில் நீங்கள் மாற்ற, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கேனான் எஃப்டி அடாப்டரில் ஒரு கூடுதல் வளையம் இருக்கும். அது திறந்த நிலையில் இருந்தால் லென்ஸ் வளையத்தை எப்படித் திருப்பினாலும் அப்பர்ச்சர் மூடாது. உருப்பெருக்கத்தை, கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ தானாகப் போய் நிற்கும் ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பட்டன் இல்லாத பாடி நாளடைவில் சலிப்பூட்டும்.

பிறகு கடை வாசலுக்கு வந்து, தூரத்தில் இருக்கும் செல்போன் கோபுரம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோக்கஸ் செய்யுங்கள். வளையம் இன்ஃபினிட்டி (முடிவிலித் தூரம்) குறியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கோபுரத்தின் கம்பிகள் கூர்மையாகிவிட்டால், அடாப்டர் ஒரு துளி மெல்லியது என்று பொருள். பெரும்பாலான அடாப்டர்களை அப்படித்தான் செய்கிறார்கள், அதனால் பாதகமில்லை. வளையம் கடைசிவரை போய் முட்டிய பிறகும் கம்பிகள் மங்கலாகவே இருந்தால் அடாப்டர் தடிமன் கூடிவிட்டது. பாடியைக் குறை சொல்லாமல் வேறு அடாப்டர் போட்டு இன்னொரு முறை பாருங்கள்.